பதினெட்டு செக்கன்

குருநாகல்
06.05.2024

அன்புள்ள தம்பி ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்புப் பெருநாளைக்குப் பிறகு உனக்கு இருபது தடவைக்கு மேல் போன் எடுத்துவிட்டேன். நீ தூக்கவில்லை. உம்மாவின் போனுக்கு எடுத்தால், "அவன் கிணத்தடியில மகள்" என்கிறா. சக்கர நாற்காலியில் இருக்கிறவன் எந்த நேரமும் கிணற்றடியில் என்னதான் செய்கிறான்? உம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் செய்தது துரோகம் என்று நீ நினைக்கிறாய். பெருநாள் அன்று உன் பின்புறத்தில், இருக்கையில், ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு புண்ணைக் கண்டேன். மார்புக்குக் கீழே உனக்கு உணர்ச்சி இல்லை, நெருப்பு வைத்தாலும் தெரியாது. அந்தப் புண்ணோடு சக்கர நாற்காலி ஓட்டப் பயிற்சிக்குப் போனால் எலும்புவரை அழுகும். பதின்மூன்று வருடமாக பிசியோ வேலை செய்கிறேன், அப்படி அழுகியவர்களை இந்தக் கையால் புரட்டிப் போட்டிருக்கிறேன். ஜுனைட் மாஸ்டருக்குச் சொல்லி ஆறு கிழமை உன்னை மைதானத்துக்கு எடுக்க வேண்டாம் என்றேன். மாகாணப் போட்டி உனக்குத் தவறிப்போனது. தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் அரிசி ஆலைக் கூரையில் தகடு மாற்றப் போய் விழுந்தாயே, அப்போது இனி நீ நடக்கமாட்டாய் என்று உம்மாவிடம் சொன்னது நான். உன் கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி, "பிடிச்சு எழும்பு" என்று கத்தியதும் நான்தான். நீ என்னைத் தூஷணத்தால் ஏசினாய். பிறகு ஒரு நாள் எழும்பினாய். உன்னை அசையச் சொன்ன அதே ஆள்தான் நிற்பாட்டவும் சொன்னேன். இரண்டையும் ஒரே மனதோடுதான் சொன்னேன்.

புண் ஆறிவிட்டதா? அதை மட்டுமாவது எழுது.

றிப்னா ராத்தா


நிந்தவூர்
19.05.2024

ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. அதனால் எழுதுகிறேன்.

போனில் நான் வாய் திறக்க முதல் உங்கள் தீர்ப்பு வந்துவிடும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க ஏலாது. ஆகையால் இனிக் கடிதம்தான் நல்லம்.

புண் ஆறிவிட்டது. உம்மா கண்ணாடி பிடித்துக் காட்டினா, நானே பார்த்தேன்.

நீங்கள் மாஸ்டருக்குச் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. சொன்ன விதத்தில்தான். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மைதானத்தில் பதினெட்டுப் பேர். "அவன்ட இருக்கையில புண், அவன் மறைக்கான், அவன்ட கதைய நம்பாதீங்க" என்று நீங்கள் சொன்னதை அத்தனை பேரும் கேட்டார்கள். என்னோடு பயிற்சி எடுக்கிற ஜெனூபா தலையைக் குனிந்துகொண்டு தன் செயார் சக்கரத்தைத் துடைத்தா. உங்களுக்கு நான் தம்பி. அங்கே நான் வேறொரு ஆள். அந்த ஆளின் உடுப்பை எல்லாருக்கும் முன்னால் கழற்றினீர்கள்.

அந்த மைதானம் என்னவென்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வந்து பார்த்ததுமில்லை. செவ்வாயும் சனியும் பின்னேரம் கல்முனையில் பள்ளிக்கூட மைதானத்தைத் தருகிறார்கள். ஜெனூபாவுக்கு ஒரு கால் இல்லை. பத்து வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தவ. இப்போது செயாரில் இருந்துகொண்டு குண்டு எறிகிறா, எறியும்போது போடும் சத்தத்துக்கு ரோட்டில் போகிற ஆட்டோக்காரன் பிறேக் அடிக்கிறான். பாண்டிருப்பிலிருந்து கிசோக் என்றொரு பொடியன் வருகிறான். இருபத்துநாலு வயது, மோட்டார் சைக்கிள் விபத்து. என்னைவிட இரண்டு எலும்பு மேலே முறிந்திருக்கிறது. முதல் நாள் அவனுடைய அம்மா தள்ளிக்கொண்டு வந்தா. இப்போது அவனே தள்ளிக்கொண்டு கல்முனைச் சந்தைவரை போவான். என்னை அண்ணனாக்கி, "நானா, நானா" என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே வருவான்.

ஓகஸ்ட் பதினேழாம் திகதி அம்பாறையில் தேசிய அணிக்குத் தெரிவு. நானூறு மீற்றரை ஒரு நிமிடம் பதினைந்து செக்கனுக்குள் ஓட வேண்டும். என் நேரம் ஒன்று இருபத்திரண்டு. நீங்கள் நிற்பாட்ட முதல் மூன்று மாதமாக அதிலேயே நின்றது. மாஸ்டர் சொல்கிறார், "கையில பலம் கிடக்கு மனே, நெஞ்சுதான் ஏறுதில்ல." ஓம், கை இன்னும் தள்ளும், ஆனால் உள்ளே ஏதோ ஒன்று கேட்குதில்லை. அது ஏன்? உங்களுக்குத் தெரியும்தானே. எழுதுங்கள்.

ஹாதிக்


குருநாகல்
02.06.2024

அன்புள்ள ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸ்பீக்கரில் போனது எனக்குத் தெரியாது. மாஸ்டர் தனியே இருக்கிறார் என்று நினைத்தேன். தம்பி, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நினைத்து நினைத்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அது உன் சோம்பல் இல்லை, பயிற்சிக் குறையும் இல்லை. நாம் ஓடும்போது மூளை இருதயத்துக்கு "வேகமாய் அடி" என்று செய்தி அனுப்பும். அந்தச் செய்தி முதுகெலும்பு வழியாகப் போகிறது. உனக்கு அந்த வழி மார்பு மட்டத்தில் அறுந்திருக்கிறது. எங்கள் இருதயம் நூற்றெண்பது அடிக்கும் இடத்தில் உன்னுடையது நூற்றிருபதோடு நின்றுவிடும். உன் பிறஷரும் எந்த நேரமும் குறைவு. உன் உடம்பு இருக்கிறதை வைத்து ஓடுகிறது. அந்த ஒன்று இருபத்திரண்டு எவ்வளவு பெரிய காரியம் என்று மாஸ்டருக்குச் சொல்.

ஒரேயொரு நேரத்தில்தான் உன்னைப் போன்றவர்களுக்குப் பிறஷர் எகிறும். வார்டில், சிறுநீர் போகிற உன் சலக்குழாய் மடிந்துகிடந்த நாள் நினைவிருக்கிறதா? சலப்பை நிரம்பி, மூளைக்குச் சொல்ல வழியில்லாமல் உடம்பு தானாகவே பதறிவிட்டது. முகம் சிவந்து, மயிர் கூச்செறிந்து, தலை வெடிக்கிறது என்று கத்தினாய். பிறஷர் இருநூற்றுப் பத்து. அன்று உன் கையில் இருந்த பலத்துக்கு கட்டில் கம்பியைப் பிய்த்துவிடுவாய் போலிருந்தது. குழாயை நேராக்கிய பிறகுதான் அடங்கினாய். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மூளையில் இரத்தம் கசிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் குழாய், புண், இறுகிய பெல்ட் என்று உன்னைப் பிடித்துக் கத்துகிறேன்.

ஓடு. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஓடுவதற்கு முதல் சலப்பையை வெறுமையாக்கு.

றிப்னா ராத்தா


நிந்தவூர்
24.06.2024

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துக்கள், பிந்தித்தான். உம்மா நீங்கள் இல்லை என்று வட்டிலப்பத்தை வாயில் வைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். என் உடம்பைப் பற்றி இவ்வளவு தெளிவாக எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. டாக்டர்மாரும் எனக்குச் சொல்லாமல் உம்மாவுக்குத்தான் சொல்வார்கள்.

சந்தோசமான செய்தி: ஒன்று பதினேழு! மாஸ்டர் மணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று. திரும்ப ஓடச் சொன்னார். திரும்பவும் ஒன்று பதினேழு. ஐந்து செக்கன் ராத்தா, மூன்று மாதத்தில் அசையாதது பத்து நாளில் குறைந்திருக்கிறது. கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கதவு திறந்த மாதிரி. கூரையிலிருந்து விழ முதல் கடற்கரையில் ஓடினேனே, அந்த மூச்சு. இப்படி ஒரு மூச்சு எனக்குள் இருந்ததையே மறந்துபோயிருந்தேன்.

ஓடி முடித்தால் தலை கொஞ்சம் இடிக்கும். அனலாய் வீசுகிற கச்சான் காற்று தொடங்கிவிட்டது, அதனாலாக்கும். ஜெனூபா கேட்டா, "என்ன ஹாதிக், மொகமெல்லாம் திட்டுத்திட்டா செவந்து கிடக்கு?" வெயில் என்றேன். அவ என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. கையில் மயிர் நட்டுக்கொண்டு நிற்கும், இந்த வெக்கைக்குள்ளும் குளிர்கிற மாதிரி. அது சந்தோசம்தான்.

வீட்டுக்கு வந்தால் பூனை மாதிரி நித்திரை கொள்கிறேன். உம்மாவிடம் கேளுங்கள்.

ஹாதிக்


குருநாகல்
01.07.2024

ஹாதிக்,

வார்டில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

தலை இடிக்கிறது. முகம் திட்டுத்திட்டாகச் சிவக்கிறது. வெயிலுக்குள் மயிர் கூச்செறிகிறது. பத்து நாளில் ஐந்து செக்கன் குறைந்திருக்கிறது. இதை வேறு யாருக்காவது எழுதியிருந்தால் அவர்கள் சந்தோசப்பட்டிருப்பார்கள். நீ எனக்கு எழுதியிருக்கிறாய். தெரியாமல் எழுதினாயா, தெரிந்துதான் எழுதினாயா?

ஒரே கேள்வி. ஓடுவதற்கு முதல் சலக்குழாயை என்ன செய்கிறாய்?

நான் உனக்கு எச்சரிக்கையாக எழுதியதை நீ வேறு எதற்கும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்துச் சொல். சொன்னால் நம்புவேன். பதில் வராவிட்டால் மாஸ்டருக்குச் சொல்வேன், இந்த முறை அவர் தனியே இருக்கும்போது.

ராத்தா


நிந்தவூர்
12.07.2024

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வை இதற்குள் இழுக்க வேண்டாம்.

குழாய் குழாயாகத்தான் இருக்கிறது. தண்ணீர் கூடக் குடிக்கிறேன், அவ்வளவுதான். இந்த வெக்கைக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னதும் நீங்கள்தான். யல போகம் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள், ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டுக் கிடக்கிறது. மீதிப் பாதியில் பஸ்ஸோடும் ஆட்டோவோடும் நானும் கிசோக்கும் பயிற்சி எடுக்கிறோம். பஸ் அடித்துச் செத்துப்போவேன் என்று ஏன் நீங்கள் பயப்படுவதில்லை?

மாஸ்டருக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள். நடப்பதைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்து அதிபர் ஏற்கெனவே முணுமுணுக்கிறார், எங்கள் செயார் சக்கரம் கிரிக்கெட் பிட்ச்சைக் கெடுக்கிறதாம். "இஞ்ச ஒருத்தருக்கு ஒண்டு நடந்தா நான்தான் பதில் சொல்லோணும்" என்று மாஸ்டரிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டார். உங்கள் ஒரு போன் போதும், மைதானம் பூட்டுப்படும். ஜெனூபா திரும்பவும் அறைக்குள் போவா. பதினெட்டுப் பேரும் போவார்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால் எடுங்கள்.

ஒன்று பதினாலு. தெரிவு நேரத்துக்குள் வந்துவிட்டேன். கிசோக்கும் வருகிறான். போன மாதம் என் பின்னால் தூசி தின்றவன், இப்போது என் தோளோடு தோளாக வருகிறான். நேற்று ஓடி முடித்துச் சிரித்துக்கொண்டே, தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தான்.

அவனுடைய அம்மா தங்கரத்தினம் மாமி எனக்குப் பால்கோவா கொடுத்துவிட்டா, "தம்பி நீங்க வந்த பொறகுதான் என்ட பிள்ளைட மொகத்தில வெளிச்சம்" என்று.

ஹாதிக்


குருநாகல்
20.07.2024

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மாஸ்டரின் இலக்கத்தை மூன்று தரம் அழுத்தினேன். மணி அடிக்க முதலே வெட்டிவிட்டேன். ஜெனூபா என்கிற அந்தப் பெண்ணை நான் கண்டதுகூட இல்லை, ஆனால் ஒவ்வொரு தரமும் அவள் அறைக்குள் போவது கண்ணில் தெரிந்தது. வேறொரு காரணமும் இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் போன் எடுத்தால் இந்தக் கடிதமும் நின்றுவிடும். நீ என்னோடு பேசாதிருந்த அந்த ஆறு கிழமையை என்னால் திரும்பத் தாங்க ஏலாது. ஒரு பிசியோ இப்படி நினைக்கக்கூடாது. ஒரு ராத்தா நினைக்கிறேன்.

நீ இல்லை என்று எழுதவில்லை. "குழாய் குழாயாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் இறால் வலையை வெட்டியபோதும், "வலை வலையாத்தான் வாப்பா கிடக்கு" என்றுதான் சொன்னாய்.

ஓடி முடித்துச் சத்தி எடுத்தான் என்று கிசோக்கைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதை வாசித்ததிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் பயம். அவனுக்கு முறிந்தது உன்னைவிட மேலே. உனக்கு இருநூறுக்கு ஏறுவது அவனுக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல ஏலாது. அவனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது, ஹாதிக்?

எனக்கு ஓகஸ்ட் இருபத்துநாலாம் திகதியிலிருந்துதான் லீவு. தெரிவுப் போட்டிக்கு வர முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன், அன்று ஒன்று இருபத்திரண்டிலேயே ஓடு. தோற்றுப் போ. தோற்று வீட்டுக்கு வா.

றிப்னா ராத்தா


நிந்தவூர்
09.08.2024

ராத்தாவுக்கு,

ஜும்மாவுக்குப் போக முதல் எழுதுகிறேன், நேரமில்லை.

எல்லாம் நல்லம். செயார் சக்கரம் புதிதாகப் பூட்டியாயிற்று. பதினேழாம் திகதி சனிக்கிழமை காலை வேனில் அம்பாறைக்குப் போகிறோம். நானும் கிசோக்கும் ஒரே ஓட்டம், ஓடுபாதையில் மூன்றாம் நாலாம் வரி.

தோற்றுப் போ என்று என்னிடம் இனிமேல் சொல்ல வேண்டாம். ஆறு வருடமாக வீட்டுக்கு வந்த ஒவ்வொரு ஆளும் அதைத்தான் வேறு சொல்லில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மற்றக் கேள்விக்குப் போட்டி முடிய எழுதுகிறேன்.

ஹாதிக்


குருநாகல்
14.08.2024

ஹாதிக்,

நேற்று மாஸ்டரோடு கதைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "தங்கச்சி, நான் மணிக்கூட்டத்தான் பாக்கிற. அவங்கட குழாயப் பாக்கிற ஆள் நான் இல்ல" என்றார். "கேளுங்க, ஒரு தரமாவது கேளுங்க" என்றேன். "இன்னும் நாலு நாள்தானே கிடக்கு, அதுக்குப் பொறகு கேக்கன்" என்றார்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கேட்காமல் இருக்கிறார்.

உம்மாவுக்குப் போன் எடுத்தால் உம்மா அழுகிறா, உன்னிடம் கொடுக்கிறா இல்லை. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்கு முதல் உன் கைக்கு வர வேண்டும் என்று துஆக் கேட்டுக்கொண்டு தபால் பெட்டியில் போடுகிறேன்.

குழாயை அவிழ்த்துவிடு. உன்னுடையதையும் அவனுடையதையும். வேறொன்றும் கேட்கவில்லை.

ராத்தா


நிந்தவூர்
23.08.2024

ராத்தா,

உங்கள் கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் உடைத்தேன்.

உம்மா போனில் பாதி சொல்லியிருப்பா. மீதியை நான் எழுதுகிறேன்.

காலை வேனுக்குள் இருந்தே இரண்டு பேரும் தண்ணீர் குடித்தோம். மைதானத்து மரத்தடியில் குழாயில் கிளிப்பைப் போட்டோம். உடுப்புக் காயப்போடுகிற கிளிப்தான். ஓட்டம் அரை மணித்தியாலம் பிந்தியது. மற்ற நாட்களில் பத்து நிமிடத்துக்கு மேல் கட்டி வைப்பதில்லை. கிசோக் என்னைப் பார்த்து, "நானா, தல வெடிக்கிற மாதிரிக் கிடக்கு, ஒருக்கா அவுத்திட்டுப் போடட்டா?" என்றான். அவிழ்த்தால் பிறஷர் திரும்ப ஏறாது என்று எனக்குத் தெரியும். "இன்னும் கொஞ்சம்தான்டா, பொறு" என்றேன். அவன் பொறுத்தான்.

முந்நூறு மீற்றர்வரை சமமாகத்தான் போனோம். கடைசி நேர்ப்பாதை திரும்பியதும் அவனுடைய செயார் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போவது என் கண் ஓரத்தில் தெரிந்தது. இடது கை மட்டும் தள்ளுகிறது. வலது கை சக்கரத்துக்கு மேலால் தொங்குகிறது. தலை ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. அவனுக்கு என்ன நடக்கிறது என்று அந்த மைதானத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள்.

நான் நிற்கவில்லை ராத்தா.

நூறு மீற்றர் இருந்தது. ஓடி முடித்தேன். ஒன்று பன்னிரண்டு. அந்த நூறு மீற்றருக்கு எனக்குப் பதினெட்டு செக்கன் எடுத்தது. மைதானமெல்லாம் கை தட்டியது. ரேஸ் செயாரைத் திருப்புவது லேசில்லை, வட்டமடித்துத் திரும்பி அவனிடம் வந்தபோது ஆட்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றார்கள். "டியூப்ப அவுருங்க! கிளிப்பக் கழட்டுங்க!" என்று கத்தினேன். மாஸ்டர்தான் கழற்றினார். அது உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாஸ்டர் மட்டும் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதைத் தன் பொக்கெட்டுக்குள் போட்டார்.

என்னுடைய கிளிப் அந்த நேரமும் பூட்டியபடிதான் கிடந்தது. ஒருவரும் காணாமல் கழற்றி எறிந்தேன்.

கிசோக் உயிரோடு இருக்கிறான். மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது. வலது கை போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அவனுக்கு இருந்ததே இரண்டு கை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது மாஸ்டர், "வெயில் டொக்டர்" என்றார். எல்லாரும் வெயில் என்றார்கள். தங்கரத்தினம் மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் தம்பி ஓடி வந்து என்ட பிள்ளையக் காப்பாத்தின" என்று அழுதா. அவவின் கண்ணீர் என் சேர்ட்டில் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஜூன் மாதத்தில் உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "ராத்தா எழுதியிருக்கா பார்" என்று பெருமையாகத்தான் வாசித்தேன். கட்டில் கம்பியைப் பிய்க்கிற பலம் என்று வருகிற இடத்தில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு இருந்ததை வாசிக்கவில்லை.

நாளையிலிருந்து உங்களுக்கு லீவு. இப்போது வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது.

ஹாதிக்


குருநாகல்
29.08.2024

ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நீ வர வேண்டாம் என்றதற்காக இல்லை. வந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிடுவேன். நீ அதோடு ஆறிவிடுவாய். உனக்கு அது இப்போது கூடாது.

அந்தக் கடிதத்தை எழுதியது நான். எழுதிய அன்றிலிருந்து போட்டிக்கு முந்தின கிழமைவரை எனக்கு நேரம் இருந்தது. இலக்கத்தை அழுத்தி அழுத்தி வெட்டிய ஆள் நான். என் பங்கை நான் அல்லாஹ்வுக்கு முன்னாலும், என் வேலைத்தலத்துக்கு முன்னாலும் சொல்லிக்கொள்வேன். மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன்.

உன் பங்கை நீ பாண்டிருப்பில் சொல்ல வேண்டும். அந்தத் தாய் உன்னைக் காப்பாற்றியவன் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்கிற ஒவ்வொரு நாளும் நீ திரும்பத் திரும்ப அவனைத் தாண்டி ஓடுகிறாய். டாக்டருக்கும் சொல். வெயில் என்று எழுதி வைத்துக்கொண்டு அவனுக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது.

சொல்லிவிட்டு எழுது. சொல்லாமல் எழுதாதே.

றிப்னா ராத்தா


நிந்தவூர்
14.09.2024

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சொல்லிவிட்டேன்.

முதலில் டாக்டரிடம். பிறகு மாஸ்டரிடம், நான் சொல்லப்போகிறேன் என்று. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் கேட்டிருக்கோணும் மனே" என்றார். தெரிவுக் குழுவுக்கும் அந்த நேரம் என் நேரமில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். நான்கு நாளில் அதிபர் மைதானத்தைப் பூட்டிவிட்டார். ஜெனூபா ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தா. இறங்காமல், உள்ளே இருந்துகொண்டே கேட்டா: "நீங்க ரெண்டு பேரும் செஞ்சதுக்கு நாங்க என்ன செஞ்ச, ஹாதிக்?" ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. அவ அதிபருக்கு எதிராகப் பிரதேச செயலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறாவாம். அதில் என் கையெழுத்தைக் கேட்கவில்லை.

பாண்டிருப்புக்குத் தனியாகத்தான் போனேன். கிசோக்கை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முற்றத்தில் செயாரில் இருந்துகொண்டே தங்கரத்தினம் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளிப், தண்ணீர், பொறு என்றது, பதினெட்டு செக்கன். அவ உலை வைக்க அரிசி கழுவிக்கொண்டிருந்தா. கை நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"அவன் உங்களிட்ட கேட்டானா, நீங்களாச் சொன்னீங்களா?"

"நானாத்தான் சொன்ன மாமி."

அரிசிச் சட்டியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டா. ஒரு மணித்தியாலம் முற்றத்தில் இருந்தேன். அடுத்த நாளும் போனேன். கதவு திறக்கவில்லை. ஐந்தாம் நாள் திறந்தது. மாமியின் முகம் எனக்குப் பழக்கமில்லாத ஒரு முகமாக இருந்தது.

"ஆஸ்பத்திரியில அவன்ட கைய ஒரு நாளைக்கு மூண்டு தரம் ஆட்டிக் குடுக்கச் சொன்னவங்க. எனக்குக் கை நடுங்குது. நீங்க கெடுத்த கை. நீங்களே ஆட்டுங்க."

அன்றிலிருந்து காலையும் மத்தியானமும் பின்னேரமும் போகிறேன். தோளைத் தூக்கி, முழங்கையை மடித்து நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து. பிழை விட்டால் எழுதுங்கள், மூட்டுக்கு எத்தனை தரம் என்பதையும் எழுதுங்கள். மாமி வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பா. என்னோடு பேசுவதில்லை. எனக்குத் தண்ணீர்கூட வைப்பதில்லை. நான் கேட்பதுமில்லை.

கிசோக்குக்கு எல்லாம் விளங்குகிறது என்று டாக்டர் சொல்கிறார். பேச்சு மட்டும்தான் வராது. நான் வந்தால் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். ஒரு கிழமையாக ஒரு தரமும் என் பக்கம் திரும்பவில்லை.

இன்றைக்குத் திரும்பினான்.

வலது கையின் விரல்களை விரித்துக்கொண்டிருந்தேன். அவனுடைய இடது கை மெதுவாக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் ஓட்டக்காரனின் பலம் அப்படியே இருக்கிறது. பிடி இறுகிக்கொண்டே போனது. என்னையே பார்த்தான், கண் இமைக்கவில்லை. "கிசோக், நோகுதாடா? நிப்பாட்டட்டா?" என்றேன். பிடி இன்னும் இறுகியது. வாய் கோணிக்கொண்டு அசைந்தது. ஏதோ சொல்ல வந்தான். சத்தம் மட்டும் வந்தது, சொல் வரவில்லை. என் கை விறைத்து நீலம் பாய்ந்தது, அவன் விடவில்லை. நானும் இழுக்கவில்லை. கடைசியில் மாமி எழும்பி வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தா.

அது போ என்று தள்ளிய பிடியா, போகாதே என்று பிடித்த பிடியா, எனக்கு விளங்கவில்லை. அவனிடம் கேட்கவும் ஏலாது.

ஐந்து விரலும் பதிந்த தடம் இதை எழுதும்போதும் என் கையில் இருக்கிறது. பின்னேரத்துத் தரத்துக்கு நேரமாகிவிட்டது. வெளிக்கிடுகிறேன்.

ஹாதிக்